டிரெண்டா, நிலைத்த பாணியா? சேலத்தில் துணி எடுக்கும் முன் ஒரு ஒப்பீடு

ஆடி பிறந்தால் சேலத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று கோட்டை மாரியம்மன் கோவில், இன்னொன்று துணிக்கடைகள். தள்ளுபடிப் பலகையைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்ததும் வரும் குழப்பம் எல்லோருக்கும் பழக்கமானது: இப்போது ஊரே போடுவதை எடுப்பதா, பத்து வருடம் கழித்தும் உடுத்தக்கூடியதை எடுப்பதா? இந்த வருடம் என் அண்ணன் மகளும் இதே கேள்வியோடு வந்தாள். படிப்பை முடித்துவிட்டு இங்கேயே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கச் சேர்ந்திருக்கிறாள். "கையில பதினஞ்சாயிரம் வெச்சிருக்கேன் அத்தை. வருஷம் பூரா இதுலதான் ஓட்டணும். எதை எடுக்கட்டும், சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வழிகள் மூன்று. முழுக்க டிரெண்டின் பின்னால் போகலாம். முழுக்க நிலைத்த பாணியில் நிற்கலாம். இரண்டையும் கலக்கலாம். கலப்பதே நல்லது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எந்த இடத்தில் கலப்பது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். பணம் வீணாவதும் மிச்சமாவதும் அந்த இடத்தைப் பொறுத்தே இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெய்து வரும் துணியில் நிலைத்ததை எடுங்கள், தைக்கும் இடத்தில் டிரெண்டுக்கு இடம் கொடுங்கள். இதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

முழுக்க டிரெண்ட் என்றால்

டிரெண்டைப் பின்தொடர்வதை நான் குறைவாக நினைக்கவில்லை. இருபத்து சொச்சம் வயதில் தன் வயதுக்காரர்கள் போடுவதைப் போட ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையை அடக்கிக்கொண்டு எடுக்கும் துணி, எவ்வளவு தரமானதாக இருந்தாலும் பீரோவிலேயே கிடக்கும். இன்னொரு நியாயமும் உண்டு. இப்போது வந்திருக்கும் தளர்ந்த பேண்ட்டும் பெரிய சட்டையும், கொஞ்ச காலத்துக்கு முன் எல்லோரும் போட்ட உடம்பைப் பிடிக்கும் ஜீன்ஸையும் லெக்கிங்ஸையும் விட சேலத்து வெயிலுக்கு எவ்வளவோ மேல். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. காற்று புகுந்து வெளியே வரும் உடை ஒன்று மோஸ்தராக வந்தால் அதை இரு கை நீட்டி வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். கைத்தறி நெசவாளர்களின் துணியை விற்றுக்கொடுக்கும் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியதும் அதே 1935இல்தான். சினிமா புது மோஸ்தர்களை ஊருக்குக் காட்டியது, கூட்டுறவு தறியில் இருந்ததை ஊருக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே குடும்பங்களின் பீரோவுக்குள் சண்டையில்லாமல் வந்து சேர்ந்தன. அதற்கு ஒரு காரணம், சினிமாவில் வந்த மோஸ்தர் கிளம்பி, தையல்காரர் கைக்கு வந்து, தெருவில் இறங்கி, அலுத்துப்போக நாளாகும். இப்போது கைபேசியில் ஒரு வாரம் ஓடும் ரீல்ஸ் ஒரு ரகத்தைத் தூக்கிவிடுகிறது. அந்த ரகம் பார்சலில் நம் வீட்டுக்கு வருவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடுகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். 1,200 ரூபாய்க்கு ஒரு கோ-ஆர்ட் செட் (ஒரே துணியில் வரும் மேல்சட்டையும் பேண்ட்டும்) எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு முறை போட்டு அலுத்துவிட்டால் ஒரு முறைக்கு 150 ரூபாய். 2,000 ரூபாய்க்கு ஒரு காட்டன் சேலை எடுத்து, மாதம் இரண்டு முறை வீதம் நான்கு வருடம் கட்டினால் ஒரு முறைக்கு 21 ரூபாய்கூட ஆகாது. கஞ்சி, இஸ்திரிக்கு முறைக்கு முப்பது ரூபாய் சேர்த்தாலும் ஐம்பதுதான். கைத்தறி சேலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கஞ்சிச் செலவைச் சேர்க்காமல் பேசுவது நியாயமாகாது என்பதால்தான் சேர்த்தேன். சேர்த்த பிறகும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது.

துணியின் ரகம் அடுத்தது. வேகமாக வரும் மோஸ்தர்களில் பெரும்பகுதி பாலியஸ்டர், ரேயான், அல்லது இரண்டின் கலப்பு. ரேயான் முதல் நனைப்பிலேயே நீளத்தில் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே இருந்த குர்த்தி மேலே ஏறிவிடும். பாலியஸ்டர் சுருங்காது, கசங்காது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மதியம் இரண்டு மணிக்குப் பழைய பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றால் அதன் அருமை தெரியும்.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். தைக்காத சேலையும் வேட்டியும் துணிக் கணக்கில் வருவதால் விலை எதுவானாலும் 5 சதவீதம்தான். மூவாயிரம் ரூபாய் கவுனுக்கும் மூவாயிரம் ரூபாய் சேலைக்கும் நடுவே தயங்குகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஆடித் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும் என்று கடைக்காரர் வெளியே தள்ளுவது பெரும்பாலும் போன பருவத்து மோஸ்தரைத்தான். அதனால் ஆடியில் டிரெண்ட் உடை எடுத்தால், முடியப்போகிற டிரெண்டைத்தான் எடுக்கிறோம். அதே குவியலில் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், சந்தன நிற துப்பட்டா கிடைத்தால் மட்டும் தயங்காமல் எடுங்கள்.

முழுக்க நிலைத்த பாணி என்றால்

இந்த வழிக்குச் சேலத்தை விட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி என்று தறிச்சத்தம் கேட்டே வளர்ந்த பகுதிகள் இங்கே இருக்கின்றன. ஜரிகை கொண்டலாம்பட்டி என்று ஒரு பகுதிக்கே பெயர். கைத்தறித் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசின் நிறுவனம் 1960 முதல் இங்கே இயங்குகிறது. சேலத்துத் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. சேலம் வெண்பட்டு வேட்டி கட்டாத மாப்பிள்ளையைப் பழைய கல்யாணப் படங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நிலைத்த துணியின் பெரிய பலம், உடம்பின் மாற்றம் அதைத் தொடாது என்பது. ஐந்தரை மீட்டர் சேலை இருபது வயதிலும் ஐந்தரை மீட்டர், ஐம்பது வயதிலும் ஐந்தரை மீட்டர். நாலு முழம், எட்டு முழம் வேட்டிக்கும் அப்படித்தான். இடுப்பு பெருத்தால் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும், அவ்வளவுதான். அம்மாவுடையதை மகள் கட்டலாம், அக்காவுடையதைத் தங்கை கட்டலாம். தைத்த உடையில் இதில் பாதிகூட நடக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். காலை ஏழரை மணிக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கும் பெண்ணிடம் தினமும் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டு என்று சொன்னால், அதை அவளுடைய தூக்கத்தில் இருந்துதான் பிடுங்க வேண்டும். மழைக்காலத்தில் கஞ்சித் துணி நமுத்துப்போகும். ஒரே சமயத்தில் பெரிய தொகை போட வேண்டியிருக்கும். நிலைத்தது என்று நினைத்து எடுப்பதும் பழையதாகிவிடும் என்பது இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை. கைத்தறி என்பதாலேயே ஒரு சேலை நிலைத்துவிடாது. ஒரு காலத்தில் முழங்கால் உயரத்துக்குக் கரை வைத்த பட்டு வந்தது. இன்னொரு காலத்தில் உடல் முழுக்கப் பெரிய பெரிய புட்டா (நெய்த பூ உருவங்கள்) வந்தது. இரண்டும் நல்ல தறியில் நெய்தவைதான், இரண்டையும் இப்போது கட்டினால் வருடத்தைச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் நிலைத்தது எது? என் அளவுகோல் எளிமையானது. கரை நடுத்தர அகலம், உடலில் வேலைப்பாடு குறைவு, நிறம் நம் தோலோடு சேருவது. காட்டனில் கட்டம், கோடு, வெற்று உடல் ஆகிய மூன்றும் எந்தக் காலத்திலும் தாங்கும். நெகமம் காட்டனும் கோவை கோரா காட்டனும் கல்லூரி, அலுவலகம் இரண்டுக்கும் பொருந்தும். நிலைத்த பாணி என்றாலே சேலை என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நேர்வெட்டு காட்டன் குர்த்தி, நடு இடுப்பில் நிற்கும் நேர்க்கால் ஜீன்ஸ், அளவாகத் தைத்த வெள்ளைச் சட்டை, இவையும் நிலைத்தவைதான். தன் பாணி எது என்று குழம்புகிறவர்கள் பீரோவைத் திறந்து, துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன துணிகள் எவை என்று பார்த்தால் போதும். கழுத்து வடிவம், நிறம், நீளம் எல்லாம் அவற்றிலேயே எழுதியிருக்கும்.

கலப்பது எங்கே

சேலையின் நீளம் மாறவில்லை, பிளவுஸோ எத்தனையோ முறை மாறிவிட்டது. முழங்கை வரை வந்த கை தோளுக்கு ஏறியது, பிறகு இறங்கியது. பஃப் கை போனது, வந்தது. படகுக் கழுத்து வந்தது. முதுகில் கயிறும் குஞ்சமும் வந்தன. தமிழ்நாட்டு உடையில் மோஸ்தர் தானாகவே தேர்ந்தெடுத்து உட்கார்ந்துகொண்ட இடம் பிளவுஸ். செலவும் குறைவு, மாற்றுவதும் சுலபம். ஆகவே பட்டிலும் காட்டனிலும் சேலையை அமைதியாக எடுத்து, அந்தந்தக் கால மோஸ்தரைப் பிளவுஸில் காட்டுவதே நான் முதலில் சொல்லும் யோசனை. பழைய சேலைக்குப் புது பிளவுஸ் தைத்துக் கட்டிப் பாருங்கள். புதுச் சேலையா என்றுதான் கேட்பார்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேலையோடு சேர்ந்து வரும் 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணி ஒரே முறைதான் கிடைக்கும். அதே சாயத்தில், அதே கரையோடு மறுபடி வாங்க முடியாது. அதை இன்றைய மோஸ்தருக்கு வெட்டினால் நாளைக்கு வழியில்லை. அந்தத் துணியில் எளிமையான கழுத்தும் முழங்கை வரை கையும் வைத்துத் தையுங்கள். நீளமான கையைப் பின்னால் குட்டையாக்கலாம், குட்டைக் கையை நீட்ட முடியாது. மோஸ்தருக்கு வேறு துணி எடுங்கள். பஃப் கைக்கு எப்படியும் துணி கூடுதலாகப் பிடிக்கும், ஒரு மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. அரக்கு, கறுப்பு, பொன் நிறம் என்று மூன்று தனி பிளவுஸ்கள் இருந்தால் பத்துச் சேலைகளுக்கு மாற்றி மாற்றிப் போடலாம்.

கொக்கி ஊசியால் செய்யும் பூவேலையான ஆரி வேலை இப்போது பெரிய மோகம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, செய்பவர்களின் பொறுமைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும். ஆனால் வாங்குகிறவர் அதன் வேலைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் துணியில் கழுத்தையும் கையையும் வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலை செய்து, கடைசியில்தான் தைக்கிறார்கள். கழுத்து வடிவம் அத்தோடு முடிந்தது. பிற்காலத்தில் பக்கவாட்டில் மட்டும் பிரித்து விடலாம். அதனால் ஆரி வேலை வேண்டும் என்றால் இரண்டு கையோரத்தில் மட்டும் வைத்து, கழுத்தை வெறுமையாக விடுங்கள். செலவும் பாதியாகும், பிளவுஸுக்கும் ஆயுள் கூடும்.

நிறத்தில் டிரெண்டுக்கு இடம் கொடுக்கலாமா? சேலை விலையைப் பொறுத்தது. இப்போது லாவெண்டர், இளம்பச்சை, பீச் என்று வெளிர் நிறங்கள் ஓடுகின்றன. ஆயிரம் ரூபாய்ச் சேலையில் தாராளமாக எடுக்கலாம். இருபதாயிரம் ரூபாய்ப் பட்டில் நான் எடுக்க மாட்டேன். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, இவை எத்தனையோ கல்யாணங்களைப் பார்த்துவிட்ட நிறங்கள். சில சமயம் ஒரு மோஸ்தரே நிலைத்துவிடும் என்பதும் உண்மை. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய நீலம் எம்.எஸ். நீலமாகி, அவர் காலம் முடிந்து இத்தனை வருடம் கழித்தும் கடையில் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது. எந்த மோஸ்தர் அப்படி நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் மலிவில் எடுத்துக் கட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

மலிவு என்றதும் இளம்பிள்ளையைச் சொல்லாமல் விட முடியாது. சேலத்துக்குப் பக்கத்திலேயே விசைத்தறியில் சேலைகள் குவியும் ஊர். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் நாடு முழுக்கப் பார்சல் போகும் சேலைகளில் நிறைய அங்கிருந்து கிளம்புபவை. பலவும் செயற்கைப் பட்டு இழை அல்லது கலப்பு. அதில் ஒன்றும் தவறில்லை. புது நிறம், புது டிசைன் அங்கே சட்டென்று தறியேறிவிடும், விலையும் கைக்கு அடக்கம். டிரெண்ட் சேலைக்கு என் முதல் இடம் இளம்பிள்ளைதான். அதையே அசல் பட்டு என்று யாராவது பட்டின் விலைக்கு விற்கும்போதுதான் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

அசல் பட்டு வாங்கும்போது சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2004 முதல் இருக்கிறது. கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரை உண்டு. 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில சேலை, வேட்டி ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் சோதிப்பது நம் வேலை. முந்தியின் ஓரத்தில் இருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டு மெல்ல எரிந்து முடி கருகிய வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். ரேயான் காகிதம் போல எரிந்துவிடும். ஜரிகை அசல் வெள்ளியாக இருந்தால் கிழிந்த பிறகும் மதிப்பு உண்டு. பழைய பட்டுச்சேலை வாங்கப்படும் என்ற பலகைகள் எல்லாம் அந்த வெள்ளிக்காகத்தான்.

வெள்ளி என்றதும் கொலுசு நினைவுக்கு வருகிறது. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு கொலுசில் டிரெண்ட் பார்க்காமல் இருக்கவே வேண்டாம். டிசைன் அலுத்தால் எடைக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், செய்கூலியும் சேதாரமும்தான் போகும்.

ரெடிமேடா, தையலா

ரெடிமேடில் போட்டுப் பார்த்து எடுக்கலாம், உடனே கிடைக்கும், பிடிக்காவிட்டால் மாற்றலாம். அவசரத்துக்கு அதுதான் வழி. ஆனால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் அடித்து ஓரத்தை ஒட்ட வெட்டியிருப்பார்கள். உடம்பு ஒரு அங்குலம் கூடினால் பிரித்து விட உள்ளே துணி இருக்காது. அதோடு ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜாக இருக்கும், ஆன்லைனில் எடுப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி.

தையலில் காத்திருக்க வேண்டும், தீபாவளி நெருங்கினால் இன்னும் அதிகமாக. நம் அளவு தெரிந்த தையல்காரர் அமைய வேண்டும். அமைந்துவிட்டால் விடாதீர்கள். வெட்டுவதற்கு முன்பே "ரெண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தைங்க அக்கா" என்று சொல்லிவிட்டால் அந்த உடை கூடுதலாகச் சில வருடங்கள் வாழும். காட்டன் துணி என்றால் ஒரு முறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும். நேர்வெட்டு குர்த்தியைக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவதும் எளிது: நீளத்தைக் குறைக்கலாம், கையை மாற்றலாம், ஓரப் பிளவை ஏற்றலாம். தினசரி உடைக்குத் தையல், எப்போதாவது போடும் மோஸ்தருக்கு ரெடிமேட் என்று பிரித்துக்கொண்டால் தொல்லை குறைவு.

ஆண்களுக்கு

இங்கே கணக்கு இன்னும் சுலபம். பேண்ட்டின் கால் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். பெல்பாட்டம் போய், குழாய் வந்து, இப்போது மறுபடி அகலம். நேர்க்காலில் எடுத்தால் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் நிற்கும். சட்டையில் தோள்தையல் தோளில் சரியாக உட்கார்ந்தால் போதும், மற்றது எல்லாம் சமாளிக்கலாம். மனைவியின் சேலை நிறத்துக்கு ஏற்ற கரை போட்ட வேட்டியும் அதே நிறச் சட்டையுமாக வரும் ஜோடி செட் பற்றிக் கேட்கிறார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும், அந்தச் சேலையோடு மட்டும்தான் அது வெளியே வரும். வெண்பட்டு வேட்டியில் மயில்கண் கரையோ மெல்லிய ஜரிகைக் கரையோ எடுத்து, சட்டையை மட்டும் சேலை நிறத்தில் தைத்தால் அதே படம் கிடைக்கும், வேட்டி மற்ற விசேஷங்களுக்கும் உதவும். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியை நான் ஆதரிக்கிறேன். வேட்டி கட்டத் தெரியாமல் பேண்ட்டுக்குப் போய்விட்ட பையன்களை அது திரும்பக் கூட்டிவருகிறது.

ஏற்காடு போகிறவர்களுக்கு

சேலத்தில் இருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் உயரம். காலையில் அஸ்தம்பட்டியில் வியர்த்தவர் மதியத்துக்குள் மேலே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தட்பவெப்பம் இருப்பதால், மலைக்கு என்று தனியாக ஜாக்கெட், பூட்ஸ், தொப்பி என்று ஒரு செட் எடுக்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்குப் போகிறவருக்கு அது எதுவும் வேண்டாம். முழுக்கைக் காட்டன் சட்டையும் ஒரு சால்வையும் போதும். மார்கழி, தையில் போனால் கதை வேறு. பனிமூட்டத்தில் காட்டன் ஈரத்தை வாங்கிக்கொண்டு காயவே காயாது. உள்ளே காட்டன், மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ் (பாலியஸ்டரில் வரும் மெத்தென்ற குளிர்த்துணி) போட்டுக்கொள்வது நல்லது. சேலத்து வெயிலுக்கு ஆகாது என்று நான் குறை சொன்ன பாலியஸ்டர் மலையில் ரொம்பவே உதவும்.

ஸ்வெட்டரில் டிரெண்ட் பார்க்க வேண்டாம். சேலத்துக்காரர் அதை வருடத்தில் சில நாள்தான் போடுவார், பத்து வருடம் வரும். வெற்று நிறமாக, சேலைக்கும் பேண்ட்டுக்கும் சேருவதாக ஒன்று எடுத்தால் போதும்.

பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போடுவது இப்போது ஒரு ஸ்டைலாகப் படங்களில் வருகிறது. காப்பித் தோட்டங்களிலும் வயல்களிலும் வேலை செய்யும் பெண்கள் முள்ளுக்கும் வெயிலுக்கும் குளிருக்கும் காப்பாக எத்தனையோ காலமாக அப்படித்தான் உடுத்துகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. தேவையில் பிறந்த அந்த உடை நன்றாக வேலையும் செய்கிறது. ஏற்காட்டுக்குப் போகும் பெண்களுக்கு மனதார சிபாரிசு செய்கிறேன்.

பதினைந்தாயிரத்தைப் பிரித்தால்

அண்ணன் மகளுக்கு நாங்கள் போட்ட கணக்கு இது. கைத்தறிக் காட்டன் சேலை இரண்டுக்கு 3,000. தைத்த காட்டன் குர்த்தி நான்குக்கு, துணியும் கூலியும் சேர்த்து 3,600. நேர்க்கால் பேண்ட் இரண்டுக்கு 2,000. மோஸ்தர் பிளவுஸுக்கு 1,500. அவளுக்குப் பிடித்த லாவெண்டர் நிறத்தில் ஒரு இளம்பிள்ளைச் சேலைக்கு 1,000. துப்பட்டா, செருப்புக்கு 1,000. யாரையும் கேட்காமல், ஆசைப்பட்ட டிரெண்ட் உடைக்கு என்று 2,000. மீதி 900 பழைய துணிகளைப் பிரித்துத் தைக்க.

அந்த இரண்டாயிரத்தைப் பார்த்துவிட்டு "இது எதுக்கு அத்தை, வீண் செலவுதானே?" என்றாள். "இல்ல கண்ணு, அது இருந்தாதான் மத்த பதிமூணாயிரமும் பத்திரமா இருக்கும்" என்றேன். ஆசைக்கு ஒரு எல்லை கட்டி வைத்தால், அது மற்ற செலவுக்குள் நுழையாது. சம்பளம் கூடக் கூட அந்தத் தொகையையும் அவள் கூட்டிக்கொள்ளட்டும்.

பட்டுச் சேலையை இந்த வருடக் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் அம்மாவின் அரக்குப் பட்டு நல்ல நிலையில் இருக்கிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றியதால் ஜரிகை எங்கும் உடையவில்லை. அதற்கு ஒரு பஃப் கை பிளவுஸ் தைத்தால் வரப்போகும் கல்யாணங்களுக்கு அது போதும்.

வாங்கும் வரிசையும் முக்கியம். கல்லூரி திறந்துவிட்டதால் குர்த்தித் துணியும் பேண்ட்டும் இப்போதே. கைத்தறிச் சேலைகளுக்குத் தீபாவளி வரை பொறுக்கச் சொன்னேன், கோ-ஆப்டெக்ஸில் அப்போது 30 சதவீதத் தள்ளுபடி வரும். பிளவுஸ் துணியை மட்டும் புரட்டாசிக்குள் தையல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் சேலத்தில் எந்தத் தையல் கடையிலும் புதுத் துணி வாங்கமாட்டார்கள்.